ரன்வே ஓரத்து நான்கு விளக்குகள்: அவை நல்லவையா என்று எப்படிச் சோதிக்கிறார்கள்?

விமானத்தில் இடப்பக்க ஜன்னல் சீட் கிடைத்தால், இறங்கும் நேரத்தில் வெளியே கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சக்கரம் தரையைத் தொடுகிற இடத்துக்கு அருகில், ரன்வேக்கு வெளியே புல்தரையில், முழங்கால் உயரத்துக்கு நான்கு பெட்டிகள் வரிசையாக நிற்கும். கண் சிமிட்டுவதற்குள் பின்னால் போய்விடும். பயணிகள் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் முன்னால் உட்கார்ந்திருக்கும் விமானி கடைசிச் சில கிலோமீட்டர்கள் அந்த நான்கையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டேதான் வந்திருப்பார்.

அதற்குப் பாப்பி (PAPI) என்று பெயர். விமானம் சரியான சரிவில் இறங்குகிறதா, மேலே இருக்கிறதா, கீழே போய்விட்டதா என்று நிறத்தாலேயே சொல்லும் விளக்கு. இதுபோன்ற வழிகாட்டி விளக்குகள் பல வகை உண்டு. ஒன்று நல்லது, இன்னொன்று போதாது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? வெளிச்சம் அதிகமாக இருந்தால் நல்ல விளக்கு என்றுதான் முதலில் தோன்றும். வெளிச்சமும் வேண்டும்தான். ஆனால் முக்கியமான கேள்விகள் வேறு: களைத்துப்போன ஒரு விமானியின் கண் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும்போது, இந்த விளக்கு எவ்வளவு சீக்கிரம் அதைத் திருத்துகிறது? விளக்கே கெட்டுப்போனால் எந்தப் பக்கமாகத் தப்புச் சொல்கிறது?

கண்ணை ஏன் நம்ப முடியாது

பெரும்பாலான ரன்வேக்களில் விமானம் 3 டிகிரி சரிவில் இறங்குகிறது. கேட்க ஒன்றுமில்லாத சரிவு. ஒரு கிலோமீட்டர் முன்னேறினால் சுமார் 52 மீட்டர்தான் கீழே வரும். பத்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற விமானம் இந்தக் கணக்கில் ஏறக்குறைய 520 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இந்த 3 டிகிரியை வெறும் கண்ணால் அளக்க முடியுமா? இரண்டரைக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பகலில், பழகிய ஊரில், பழகிய ரன்வேயில் ஓரளவு சொல்லலாம். மற்ற நேரங்களில் மூளை ஊகிக்கிறது.

அந்த ஊகம் ரன்வேயின் தோற்றத்தை வைத்து வருவது. வழக்கமாக அகலமான ரன்வேயில் இறங்கிப் பழகியவருக்குக் குறுகலான ரன்வேயைப் பார்த்ததும் 'நாம் இன்னும் உயரத்தில் இருக்கிறோம்' என்று தோன்றும். அதனால் கீழே இறக்குவார். மேல்நோக்கிச் சரிந்திருக்கும் ரன்வேயும் இதே வேலையைச் செய்யும். எல்லாவற்றையும்விட மோசமானது இருட்டு. கடல், காடு, வயல் என்று வெளிச்சமே இல்லாத பரப்பைத் தாண்டி, தூரத்தில் ரன்வே விளக்குகள் மட்டும் தெரிகிற இரவு. விமானிகள் இதைக் கருந்துளை மாயை என்பார்கள். இங்கேயும் கண் சொல்லும் பொய் அதேதான்: நீ உயரத்தில் இருக்கிறாய், இறங்கு.

1960-களில் போயிங் நிறுவனத்தில் கான்ராட் கிராஃப்ட் என்ற உளவியலாளர் இதை நேரடியாகவே சோதித்தார். வெளிச்சமில்லாத பரப்புக்கு அப்பால் ஒரு நகரத்தின் விளக்குகள் தெரிவது போன்ற மாதிரி ஒன்றைச் செய்து, சிமுலேட்டரில் அனுபவமுள்ள விமானப் பயிற்றுநர்களை உட்காரவைத்தார். உயரமானி கிடையாது, கண்ணை நம்பித்தான் வர வேண்டும். அவர்களில் பெரும்பாலோர், தாங்கள் சரியான பாதையில்தான் வருகிறோம் என்ற முழு நம்பிக்கையோடு, தேவையானதைவிடக் கீழே பறந்தார்கள். புதுப் பையன்கள் அல்ல, மற்றவர்களுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுப்பவர்கள். பயிற்சி போதவில்லை என்று இதைத் தள்ளிவிட முடியாது. மனிதக் கண்ணின் இயல்பே அப்படி. ஆகவே வெளியிலிருந்து யாராவது கோணத்தைச் சொல்ல வேண்டும்.

லிப்ஸ்டிக் கோட்டிலிருந்து

போர்க்கப்பல்களில் இந்தப் பிரச்சினை இன்னும் கடுமை. ஓடுதளம் சின்னது, அது அசைந்துகொண்டும் இருக்கும். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி நிக்கலஸ் குட்ஹார்ட் 1951-ல் ஒரு யோசனை சொன்னார். அதை விளக்கிக்காட்ட அவர் செய்த காரியம் இன்றும் விமான உலகில் சொல்லப்படுவது: அலுவலகச் செயலாளரின் முகப்பவுடர் கண்ணாடியை வாங்கி, அதன் குறுக்கே லிப்ஸ்டிக்கால் ஒரு கோடு போட்டார். அதையும் ஒரு டார்ச்சையும் மேஜைமேல் வைத்தார். டார்ச்சின் பிம்பம் கோட்டைவிட்டு விலகாமல் பார்த்துக்கொண்டே மேஜையை நோக்கி நடந்து வரச் சொன்னார். பிம்பம் கோட்டிலேயே நின்றால், வருபவரின் கண் ஒரு நிலையான சரிவில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த யோசனைதான் கப்பல்களில் இறங்கும் விமானிகளுக்கான கண்ணாடி வழிகாட்டியாக வளர்ந்தது.

தரையில் உள்ள விமான நிலையங்களுக்கு வேறு வழி வந்தது. பிரிட்டனின் ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் ஈ.எஸ். கால்வர்ட் 1940-களில் ரன்வேக்கு முன்னால் வரும் அணுகு விளக்குகளின் அமைப்பை ஆராய்ந்தார். நடுவே ஒரு நேர்கோடு, அதன் குறுக்கே இடைவெளி விட்டுப் பட்டைகள். கோடு திசையைச் சொல்லும். பட்டைகள் இறக்கை சமமாக இருக்கிறதா என்று சொல்லும். விளக்கு எவ்வளவு பிரகாசம் என்பதைவிட, விமானியின் கண்ணில் அது என்ன வடிவமாகத் தெரிகிறது, அந்த வடிவம் எப்படி மாறுகிறது என்பதுதான் முக்கியம் என்ற பார்வை அவருடையது. இந்தத் துறையில் பிறகு வந்த எல்லாச் சோதனைகளுக்கும் அடிப்படை இதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம். அமெரிக்காவில், போருக்குப் பிறகு, கலிபோர்னியாவின் ஆர்கேட்டா என்ற கடலோர ஊரில் ஒரு சோதனை நிலையம் வைத்தார்கள். அங்கே ஏன் என்றால், பனிமூட்டம் அங்கேதான் நன்றாகக் கிடைத்தது. மற்ற விமான நிலையங்கள் பனிமூட்டத்துக்குப் பயப்படும். இவர்கள் அதைத் தேடிப் போனார்கள்.

அணுகு விளக்குகள் திசையைச் சொல்லும். சரிவைச் சரியாகச் சொல்லாது. அதற்காக வந்தது வாசி (VASI) என்ற விளக்கு. ரன்வேயின் பக்கவாட்டில் முன்னும் பின்னுமாக இரண்டு வரிசைப் பெட்டிகள். ஒவ்வொன்றும் மேலே வெள்ளையும் கீழே சிவப்பும் வீசும். சரியான சரிவில் வந்தால் கிட்டத்து வரிசை வெள்ளையாகவும் தூரத்து வரிசை சிவப்பாகவும் தெரியும். இரண்டும் வெள்ளை என்றால் உயரம் அதிகம். இரண்டும் சிவப்பு என்றால் ஆபத்து. 1960-களில் உலகம் முழுக்கப் பரவியது.

வாசியில் என்ன குறை

வாசி மோசமான விளக்கு இல்லை. பல ஆண்டுகள் நன்றாகவே உழைத்தது. ஆனால் சோதித்துப் பார்த்தவர்களுக்கு இரண்டு விஷயங்கள் உறுத்தின.

ஒன்று, இளஞ்சிவப்பு. வெள்ளையிலிருந்து சிவப்புக்கு மாறும் இடம் வாசியில் கூர்மையாக இல்லை. நடுவே ஒரு ரோஸ் நிறப் பட்டை வரும். அந்தப் பட்டைக்குள் இருக்கும்போது விமானி என்ன முடிவு செய்வது? இது வெள்ளையா, சிவப்பா? சந்தேகம் தீர்க்க வந்த விளக்கே சந்தேகத்தைக் கிளப்பினால் எப்படி?

இரண்டாவது, மூன்றே பதில்கள். மேலே, சரி, கீழே. 'கொஞ்சம் கீழே' என்று சொல்ல அதனிடம் வார்த்தை இல்லை. சரியாகத்தான் வருகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், திடீரென்று எல்லாம் சிவப்பாகும். தரைக்கு அருகில் அதன் துல்லியமும் போதவில்லை; சுமார் 200 அடிக்குக் கீழே அதை நம்பிப் பறக்க முடியவில்லை.

ஆஸ்திரேலியர்கள் இதற்கு வேறு பதில் கண்டுபிடித்தார்கள். மெல்போர்னில் இருந்த வானியக்க ஆராய்ச்சிக்கூடத்தில் உருவான டி-வாசிஸ். சரியான பாதையில் வந்தால் கிடைமட்டமாக ஒரு விளக்குப் பட்டை மட்டும் தெரியும். உயரமாக இருந்தால் பட்டைக்கு மேலே விளக்குகள் முளைக்கும். தாழ்ந்தால் கீழே முளைத்து 'T' வடிவம் வரும். எத்தனை விளக்கு முளைத்தது என்பதே எவ்வளவு விலகல் என்று சொல்லிவிடும். மிகவும் தாழ்ந்தால் மட்டும் சிவப்பு. நிறத்தை நம்பாமல் வடிவத்தை நம்பும் ஏற்பாடு. என்னைக் கேட்டால், படிப்பதற்கு எளிமை என்ற ஒரே அளவுகோலில் இதுதான் அழகான வடிவமைப்பு. ஆனால் முழு அமைப்புக்கு 20 பெட்டிகள் வேண்டும். இருபதையும் மட்டம் பார்க்க வேண்டும், துடைக்க வேண்டும், புல் வெட்ட வேண்டும். ஒரு விளக்கை மதிப்பிடும்போது இதுவும் கணக்கில் வரும். உலகம் நான்கு பெட்டியின் பக்கம் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

நான்கு பெட்டிக்குள்ளே

பாப்பியை 1974-ல் பிரிட்டனின் பெட்ஃபர்டில் இருந்த அரசு வானூர்தி ஆராய்ச்சி நிலையத்தில் டோனி ஸ்மித், டேவிட் ஜான்சன் என்ற இருவர் உருவாக்கினார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால் பழைய ஸ்லைடு ப்ரொஜெக்டர் ஞாபகம் வரும். பின்னால் பல்பு, நடுவே மேல்பாதியை மட்டும் மறைக்கும் சிவப்புக் கண்ணாடி, முன்னால் லென்ஸ். லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக்கும் என்பது பள்ளிப் பாடம். அதனால் மேல்பாதியில் இருக்கும் சிவப்பு, வெளியே கீழ்நோக்கிப் போகும். வெள்ளை மேலே போகும். இரண்டும் சேரும் எல்லை மிகக் கூர்மை. தரநிலைப்படி நிறம் மாறுவது 3 நிமிடக் கோணத்துக்குள் முடிந்துவிட வேண்டும். அதாவது ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அது வெறும் 90 சென்டிமீட்டர் தடிமன். வாசியின் ரோஸ் பட்டை இங்கே ஏறக்குறைய ஒழிந்துபோனது.

சரி, ஒரு பெட்டி ஒரு கோணத்தில் நிறம் மாறும். நான்கையும் நான்கு கோணத்தில் சாய்த்து வைத்தால்? அதுதான் தந்திரமே. 3 டிகிரி சரிவுக்கு, ரன்வேக்கு வெகு அருகிலுள்ள பெட்டி 3 டிகிரி 30 நிமிடத்தில் மாறும். அடுத்தது 3 டிகிரி 10 நிமிடம், பிறகு 2 டிகிரி 50, கடைசியாக வெளிப்பக்கப் பெட்டி 2 டிகிரி 30. சரியான சரிவில் வரும் விமானிக்கு இடமிருந்து வலமாக வெள்ளை, வெள்ளை, சிவப்பு, சிவப்பு. கொஞ்சம் தாழ்ந்தால் மூன்று சிவப்பு. இன்னும் தாழ்ந்தால் நான்கும். உயர்ந்தால் அதேபோல வெள்ளைகள் கூடும். மூன்று பதில்கள் ஐந்தாகிவிட்டன. 'கொஞ்சம்' என்ற வார்த்தை வந்துவிட்டது.

இன்னொன்றும் கவனியுங்கள். 'சரி' என்ற பட்டையின் அகலம் 20 நிமிடக் கோணம். ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் அது 29 மீட்டர் உயரம். ஒரு கிலோமீட்டரில் 6 மீட்டருக்கும் குறைவு. கிட்ட வர வர விளக்கு தானாகவே கண்டிப்பாகிறது. தூரத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் மன்னிக்கும். தரைக்கு அருகில் மன்னிக்காது. ஆனால் கண்டிப்பு அளவு மீறினால் அதுவும் தொல்லை. ஐ.எல்.எஸ். என்ற ரேடியோ வழிகாட்டி இருக்கும் ரன்வேக்களில் நடுப் பட்டையை 30 நிமிடமாக அகலப்படுத்துகிறார்கள். இல்லாவிட்டால் ரேடியோ முள் 'சரி' என்று காட்டும்போது வெளியே விளக்கு 'தாழ்வு' என்று சொல்லக்கூடும். ஒரே நேரத்தில் இரண்டு வழிகாட்டிகள் சண்டை போட்டால், நடுவில் மாட்டுவது விமானிதான்.

சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு தன் விதிகளில் 1995 ஜனவரி 1 முதல் வாசியின் இடத்தில் பாப்பி வர வேண்டும் என்று வைத்தது. இதற்கிடையே அமெரிக்க விண்வெளி ஓடங்களும் பாப்பியைப் பயன்படுத்தின. அவை முதலில் இறங்கிவந்த சரிவு 3 டிகிரி இல்லை, ஏறக்குறைய 20 டிகிரி! பெட்டியை எந்தக் கோணத்துக்கும் சாய்த்துக்கொள்ளலாம் என்பதால் அதே யோசனை அங்கேயும் எடுபட்டது.

சோதனை எப்படி நடக்கும்

புதுவகை விளக்கு ஒன்று வந்தால் முதலில் ஆய்வுக்கூடம். எந்தக் கோணத்தில் எவ்வளவு ஒளி, சிவப்பு உண்மையிலேயே சிவப்பா, எல்லைக்கோடு எவ்வளவு கூர்மை என்பதையெல்லாம் கருவிகள் அளந்துவிடும். இது சுலபமான பகுதி.

கஷ்டமானது மனிதரை அளப்பது. சிமுலேட்டரிலும் நிஜ விமானத்திலும் பல விமானிகளைப் பழைய விளக்கோடும் புதிய விளக்கோடும் மாறி மாறி இறங்கவிட வேண்டும். ஒருவருக்குப் பழையது முதலில், இன்னொருவருக்குப் புதியது முதலில். ஏனென்றால் முதல் சில இறக்கங்களிலேயே கை பழகிவிடும், அந்தப் பழக்கத்தின் பலனை விளக்கின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஒவ்வொரு இறக்கத்திலும் விமானம் சரிவிலிருந்து எவ்வளவு விலகியது, எத்தனை தடவை திருத்தம் செய்தார், எங்கே சக்கரம் தொட்டது என்று பதிவு செய்ய வேண்டும். பிறகு அவர்களிடமே கேட்கவும் வேண்டும். இங்கேதான் ஒரு சிக்கல்: விமானிக்குப் பிடித்திருப்பது வேறு, விமானம் பாதையில் நிற்பது வேறு. பழகிய விளக்கை எல்லோரும் நல்லது என்றுதான் சொல்வார்கள். அபிப்பிராயமும் பதிவும் ஒத்துப்போகாதபோது, பதிவைத்தான் நம்ப வேண்டும். ஆனால் அபிப்பிராயத்தைத் தூக்கியும் போடக் கூடாது. 'எப்படியோ இறங்கிவிட்டேன், ஆனால் கண் வலிக்கிறது' என்று ஒருவர் சொன்னால் அந்த வலி நீண்ட இரவுப் பயணத்தின் முடிவில் பெரிதாகும்.

ஒரு விளக்கு உலகம் முழுக்க ஏற்கப்பட்டுவிட்டாலும் வேலை முடிவதில்லை. ஒவ்வொரு விமான நிலையத்திலும் பொருத்திய பிறகு அதைப் பறந்து சரிபார்க்க வேண்டும். இந்தியாவில் ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டியின் ஃப்ளைட் இன்ஸ்பெக்‌ஷன் யூனிட் இதற்கென்றே தனி விமானங்கள் வைத்திருக்கிறது. அந்தச் சோதனையில் ஒரு வகை, இறங்காமல் பறப்பது.

விமானம் 1,000 அடி உயரத்தில், இறங்காமல், மட்டமாக ரன்வேயை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தூரத்தில் நான்கும் சிவப்பு. கிட்ட வர வர, தரையிலிருந்து பார்க்கும் கோணம் கூடிக்கொண்டே போகும். பெட்டிகளிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் இருக்கும்போது கோணம் இரண்டரை டிகிரியைத் தொடும். வெளிப்பக்கப் பெட்டி பட்டென்று வெள்ளையாகும். 6.2 கிலோமீட்டரில் இரண்டாவது. 5.5-ல் மூன்றாவது. 5 கிலோமீட்டரில் கடைசிப் பெட்டி. 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) வேகத்தில் இதெல்லாம் சுமார் அரை நிமிடத்தில் நடந்து முடிந்துவிடும். ஒவ்வொன்றும் மாறுகிற கணத்தில் விமானம் இருந்த இடத்தைக் கருவி குறித்துக்கொண்டால், கோணம் தானாக வந்துவிடுகிறது. ஒரு பெட்டி பத்தில் ஒரு டிகிரி பிசகியிருந்தாலும், மாறும் இடம் சுமார் 140 முதல் 280 மீட்டர் வரை தள்ளிப்போய்க் காட்டிக்கொடுக்கும். தரையில் நின்று கண்ணால் பார்த்தால் அந்தப் பிசகு யாருக்கும் தெரியாது. இப்போது சில நாடுகளில் இதே வேலையை ட்ரோனை மேலும் கீழும் பறக்கவிட்டுச் செய்கிறார்கள். செலவு குறைவு, ரன்வேயை அதிக நேரம் மூடவும் வேண்டாம்.

நான்கு பெட்டியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா, பக்கத்தில் மரமோ கட்டடமோ வளர்ந்து ஒளியை மறைக்கிறதா, அதைவிட முக்கியமாக, விளக்கு 'சரி' என்று சொல்லும் பாதையில் ஏதாவது முட்டுமா என்றும் பார்ப்பார்கள். அமெரிக்க விதிப்படி ரன்வே நேர்கோட்டிலிருந்து இருபுறமும் 10 டிகிரிக்குள், சுமார் 3.4 கடல் மைல் வரைதான் பாப்பி தடையில்லாப் பாதைக்கு உத்தரவாதம் தருகிறது. விளக்கோ இரவில் 20 மைல் தூரத்திலிருந்தே தெரியக்கூடும். தெரிகிறது என்பதாலேயே அங்கிருந்து அதை நம்பி இறங்கக் கூடாது. மலையுள்ள ஊர்களில் இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

சக்கரம் கண்ணோடு வருவதில்லை

விளக்கு வழிகாட்டுவது விமானியின் கண்ணுக்கு. தரையைத் தொடுவதோ சக்கரம். சின்ன விமானத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. 747 போன்ற பெரிய விமானத்தில் கண்ணுக்கும் சக்கரத்துக்கும் இடையே 25 அடிக்கும் மேல் இருக்கும். பெட்டிகள் ரன்வே முகப்பிலிருந்து 300 மீட்டர் உள்ளே இருந்தால், 3 டிகிரியில் வருபவரின் கண் முகப்பைக் கடக்கும் உயரம் சுமார் 52 அடி. பெரிய விமானத்தின் சக்கரம் அதில் பாதிகூட மிச்சமில்லாமல் முகப்பை உரசுவதுபோலப் போகும். அதனால் பெரிய விமானங்கள் வரும் ரன்வேக்கு அமெரிக்க வழிகாட்டுதல் 75 அடி சொல்கிறது. அதற்குப் பெட்டிகளை 430 மீட்டருக்கு மேல் உள்ளே தள்ள வேண்டும். ஆனால் தள்ளினால் சின்ன விமானங்கள் ரன்வேயின் ஒரு நல்ல துண்டை வீணாக்கிவிட்டுத் தள்ளிப்போய் இறங்கும். எல்லா விமானத்துக்கும் பொருந்தும் இடம் என்று ஒன்று கிடையாது. எந்த விமானம் வருகிறது என்று கேட்காமல் 'இந்த பாப்பி சரியாக இருக்கிறதா' என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது.

பார்ப்பவரின் கண்ணும் சோதனைக்குரியது

பாப்பியில் நான்கு விளக்கும் எப்போதும் எரியும். நிறம் மட்டும்தான் செய்தி. இரண்டு நிறமும் கலந்து தெரியும்போது, ரன்வே பக்கம் இருப்பதுதான் சிவப்பு என்று வரிசையை வைத்து ஊகிக்கலாம். நான்கும் ஒரே நிறமாக இருந்தால்? சிவப்பையும் வெள்ளையையும் பிரித்தறியச் சிரமப்படும் கண்ணுக்கு, மிக உயரமும் மிகத் தாழ்வும் ஒன்றுபோலத் தெரியும். ஆபத்தான நேரத்தில்தான் வரிசை கைவிடுகிறது.

லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் பிரிட்டிஷ் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்காக இதை ஆராய்ந்து 2009-ல் அறிக்கை வெளியிட்டார்கள். விமானியின் வேலையில் நிறம் மிக முக்கியமாகத் தேவைப்படும் இடம் பாப்பிதான் என்று எடுத்துக்கொண்டு, ஆய்வுக்கூடத்தில் ஒரு பாப்பி மாதிரியை அமைத்து, நிறக்குறை உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டார்கள். லேசான நிறக்குறை உள்ளவர்களில் ஒரு பகுதியினர் இந்த விளக்கை மற்றவர்களைப் போலவே சரியாகப் படித்தார்கள். நிறப்பார்வைச் சோதனையின் புள்ளிப் படத்தில் எண் தெரியவில்லை என்பதற்காக எல்லோரையும் ஒட்டுமொத்தமாகத் தள்ள வேண்டியதில்லை, வேலைக்கு எவ்வளவு நிறப்பார்வை தேவை என்று அளந்தே முடிவு செய்யலாம் என்பது அதன் சாரம். விளக்கைச் சோதிக்கப் போய் மருத்துவப் பரிசோதனையைத் திருத்தியிருக்கிறார்கள்.

விளக்கு சரியாகச் சொன்ன விபத்து

2013 ஜூலை 6. சான்பிரான்சிஸ்கோ. நல்ல வெயில், தெளிவான வானம். ஏசியானா 214, போயிங் 777, 307 பேர். அன்று அந்த ரன்வேயின் ஐ.எல்.எஸ். சரிவு வழிகாட்டி வேலையில் இல்லை. பாப்பி வேலை செய்துகொண்டிருந்தது. விமானம் முதலில் உயரமாக வந்தது, பிறகு வேகமாக இறங்கிப் பாதைக்குக் கீழே போனது. சுமார் 200 அடி உயரத்துக்கு வந்தபோது நான்கும் சிவப்பு. என்ஜின் சக்தியைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தானாக வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று விமானிகள் நினைத்திருக்க, அது அந்த நிலையில் சும்மா இருந்தது. 137 நாட் இருக்க வேண்டிய வேகம் 103 வரை விழுந்தது. ரன்வேக்கு முன்னால் இருந்த கடல் சுவரில் வால் மோதியது. மூன்று பேர் இறந்தார்கள்.

பாப்பி சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அது உயரக் கோணத்தை மட்டும் சொல்லும். வேகத்தைச் சொல்லாது, எவ்வளவு வேகமாகக் கீழே இறங்குகிறாய் என்று நேரடியாகச் சொல்லாது. நிறம் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பதை வைத்து விமானிதான் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு சிவப்பு மூன்றாகி, மூன்று உடனே நான்கானால், அந்த வேகமே ஒரு தகவல். ஆனால் அதைப் படிக்க யாராவது வெளியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், பார்த்ததும் இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏற (கோ-அரவுண்ட்) மனம் வர வேண்டும். எந்த விளக்குச் சோதனையும் இந்தப் பகுதியை முழுதாக அளந்துவிட முடியாது.

கெட்டுப்போனால் எந்தப் பக்கம்?

விளக்கு அணைந்துபோனால் அது அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை. இல்லை என்று தெரியும்; நோட்டாம் என்ற விமானிகளுக்கான அறிவிப்பைப் போட்டுச் சொல்லிவிடுவார்கள். பொய் சொல்லும் விளக்குதான் ஆபத்து. அதிலும் தாழ்ந்திருக்கும் விமானத்திடம் 'சரி' என்று சொல்வது. மண் இறங்கி, அல்லது புல்வெட்டும் வண்டி இடித்து, பெட்டி முன்பக்கமாகச் சாய்ந்தால் நடப்பது இதுவே: வெள்ளை ஒளி கீழே இறங்கிவிடும். அதனால் அமெரிக்கத் தரநிலை சமச்சீராக இல்லை. ஒளி கால் டிகிரிக்கு மேல் கீழே சாய்ந்தாலே சாய்வு சுவிட்ச் விளக்குகளை அணைத்துவிட வேண்டும். மேல்நோக்கி என்றால் அரை டிகிரி வரை பொறுத்துக்கொள்ளும். மேலே தூக்கிய விளக்கு விமானத்தைத் தேவைக்கு மேல் உயரமாகக் கூட்டிவரும், அவ்வளவுதான். இந்தச் சின்ன ஏற்றத்தாழ்வில் பாதுகாப்புப் பொறியியலின் மனப்பான்மை நன்றாகத் தெரிகிறது.

ஈரமும் இதே பொய்யைச் சொல்லவைக்கும். லென்ஸில் பனித்துளி படிந்தால் சிவப்பும் வெள்ளையும் கலந்து எல்லைக்கோடு அழிந்துவிடும். பழைய ஹாலஜன் பல்பு எரியும் சூட்டில் பனி தானாகக் காய்ந்துபோகும். எல்.இ.டி. வந்தபோது மின்சாரம் மிச்சமானது, பல்பு மாற்றும் வேலை குறைந்தது. ஆனால் சூடு இல்லை. விடியற்காலையில் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ள ஆரம்பித்தது. மிச்சம் பிடித்த மின்சாரத்தில் கொஞ்சத்தை எடுத்து ஹீட்டர் வைக்க வேண்டியதாயிற்று.

எல்.இ.டி.யால் இன்னொரு கேள்வியும் வந்திருக்கிறது. சில விமானங்களில் மூக்கில் அகச்சிவப்புக் காமிரா வைத்து, பனிமூட்டத்துக்கு ஊடாக ரன்வே விளக்குகளைத் திரையில் காட்டும் ஏற்பாடு உண்டு. அந்தக் காமிரா பார்ப்பது பழைய பல்புகளின் சூட்டை. எல்.இ.டி. விளக்கு மனிதக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், காமிராவுக்கோ அங்கே ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். அதனால் விளக்கோடு தனியாக அகச்சிவப்பு ஒளி தரும் பாகத்தைச் சேர்ப்பதா, காமிராவை மாற்றுவதா என்று இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை கண்ணை மட்டும் வைத்து எழுதிய சோதனைப் பட்டியலில் இனி காமிராவுக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கும்.